நானே சொன்ன ஆறு வருஷம்

ஏன் தம்பி ஒதுங்கி உக்காருறீங்க? மீன் வாடை அடிக்குதா? எங்கிட்டேருந்து அடிக்காது. விடியறதுக்கு முந்தியே எழுந்து தலை முழுகி, புது வேட்டி கட்டி, துண்டு போட்டு வந்திருக்கேன். வாடை அடிச்சா முன் சீட்டுல கூடையோட உக்காந்திருக்கே அந்தப் பொம்பளை, அவகிட்டேருந்து வரும். தாராளமா சாஞ்சு உக்காருங்க.

கோவமாப் பேசுறேன்னு நெனைக்கிறீங்களா? கோவம்தான். ஒங்க மேல இல்ல. ஒங்களை எனக்கு யாருன்னே தெரியாது. கையில தாம்பூலப் பை இருக்கு, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்க, நல்லா இருங்க. நான் போன இடத்துல ஒருத்தன் ஒரு வெத்தலை நீட்டல.

எந்த ஊருன்னு கேட்டீங்க. நேத்துவரைக்கும் இதுக்கு எங்கிட்ட பதில் இருந்துச்சு. தாழந்துறை. நீங்க ஏறுனீங்களே, அதுக்கு ரெண்டு ஸ்டாப் முந்தி, ரோட்டுலேருந்து கிழக்கே இறங்குனா கடல்தான். நூத்தி எண்பது தலைக்கட்டு. அந்த நூத்தி எண்பது குடும்பத்துக்கும் நான் நாட்டார். பதினோரு வருஷம். பஞ்சாயத்து பிரசிடெண்ட் வேற, அது ஓட்டுப் போட்டு வர்றது, இன்னிக்கு இருப்பான் நாளைக்குப் போவான். மீன்புடிக்கிற ஊருக்கு நாட்டார்னா அப்படி இல்ல. இன்னிக்குக் கடலுக்குப் போகலாமா வேணாமா, எந்த வலை போடலாம், எவன் எவனை அடிச்சான், எல்லாத்துக்கும் முடிவு என் வாயிலேருந்துதான் வரணும். ஊர்க் கூட்டம் நடக்குற சாவடிக்கு நான் நடந்து போனா, வழியில வலை பின்னிக்கிட்டு இருக்கிறவன் நீட்டின காலை மடக்குவான். எம் முன்னால ஒருத்தன் பீடி பத்த வச்சது கிடையாது. ஊர்ல என்னை நீ வா போன்னு பேசுறவன் ஒரே ஆளு, கலியபெருமாள். என் தங்கச்சி அம்சவல்லியைக் கட்டினவன். மச்சானாச்சே, விட்டுவச்சேன்.

எங்க ஊர்ல ஒரு கட்டு உண்டு தம்பி. ஊர்க்காரன் ரத்தத்தை ஊர்க்காரன் சிந்துனா, வேணும்னு செஞ்சானோ தெரியாம செஞ்சானோ, ஆறு வருஷம் ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது. பொண்டாட்டி புள்ளையோட வெளியேறணும். போலீஸ், கோர்ட்டு, அது பாட்டுக்கு அது. இது மாரியம்மனுக்குக் கட்டுன கட்டு. எனக்கு முந்தி இருந்தவங்க ஆறுன்னு சொல்லிட்டு ஆறு மாசத்துல கூப்புட்டுக்குவாங்க. நான் அப்படி இல்ல. சொன்னா சொன்னதுதான்.

நாகூரான்னு ஒருத்தன். கரையில வலை இழுக்கையில தகராறு, துடுப்பைத் தூக்கிட்டான், எதிர்ல நின்னவனுக்கு ஒரு கண்ணு போயிருச்சு. ஆறு வருஷம்னேன். அவன் பொண்டாட்டிக்கு அப்ப எட்டு மாசம். சாவடிக்கு வெளியில நின்னு அழுதா. பிரசவம் ஆகட்டும், குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுறோம்னா. கட்டு வயித்தைப் பாக்காதும்மான்னேன். சாயங்காலத்துக்குள்ள வெளியேறிட்டாங்க. அன்னிக்கு ஊரே கப்சிப்னு இருந்துச்சு. ஒரு பேச்சு கிடையாது. அவ்வளவு மரியாதை எம் மேல.

இப்படி இருந்தவன்தான் நான். இப்பப் பாருங்க, டவுன் பஸ்ல நடுச் சீட்டுல உக்காந்திருக்கேன்.

சொல்றேன், அதுக்குத்தான வர்றேன்.

ஆறு வருஷத்துக்கு முந்தி, இதே மாசி மகம். எங்க ஊர்ல மாசி மகத்துக்கு மாரியம்மனைப் போட்டுல ஏத்தி, கடல்ல ஒரு சுத்து சுத்திக் கொண்டாருவோம். சாமி போட்டை ஓட்டுறது நாட்டார். அதுக்கு முன்னால எந்தப் போட்டும் போகக் கூடாது. பின்னாலதான் வரணும். இது இன்னிக்கு நேத்து வந்த வழமை இல்ல. என் கையில எஞ்சின் கைப்பிடி. பின்னால அறுபது போட்டு கொடி கட்டிக்கிட்டு வருது. கரையில ஆயிரம் சனம் நிக்குது.

கலியபெருமாள் அந்த வருஷம்தான் புதுப் போட்டு இறக்கியிருந்தான். அதை அவன் மகனோட கூட்டாளி ஒருத்தன் ஓட்டிக்கிட்டு வர்றான். கலியபெருமாள் மகன் மூக்குல, போட்டோட முன் மூக்குல, ஏறி நின்னு ஆடிக்கிட்டு வர்றான். இருபத்துமூணு வயசு. தலையில மஞ்சத் துண்டு. எனக்கு வலது பக்கமா ஏறி, என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே முந்தப் பாக்குறான். பின்னால போன்னு கையைக் காட்டினேன். அவன் ரெண்டு கையையும் தூக்கி எனக்குக் கும்பிடு போட்டான். கிண்டல். எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. சாமிக்குப் போட்டான்னு அப்புறம் சொன்னாங்க. என் போட்டுலதான சாமியும் இருந்துச்சு, யாரு கண்டா.

நான் எஞ்சினை முறுக்கினேன். வேகமா ஓட்டல தம்பி. முந்த விடாம ஓட்டினேன். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. போலீஸ்காரங்ககிட்டயும் இதைத்தான் சொன்னேன். கொஞ்சம் வலப்பக்கமா மறிச்சேன், அவ்வளவுதான். ஒரு அலை தூக்குச்சு, அவன் போட்டு மூக்கு என் போட்டோட பின்பக்கத்துல உரசுச்சு, அவன் விழுந்துட்டான். நீந்தத் தெரியாதவனா? மீனு மாதிரி நீந்துவான். ஆனா விழுந்த இடம் என் போட்டுக்குப் பின்னால, விசிறிக்கு நேரா. தண்ணிக்குள்ள சுத்துற விசிறிக்குக் கண்ணா இருக்கு?

விபத்துன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. விபத்துதான். கடல்ல நடந்தது கடலோட போச்சுன்னு விடணும். எங்க ஊர்ல எத்தனை பேரைக் கடல் எடுத்திருக்கு, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஆளைக் கை காட்டிக்கிட்டா இருக்கோம்?

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள் ஊர்க் கூட்டம். நான் என் இடத்துல உக்காந்திருக்கேன். வேற யாரு உக்காருறது? நூத்தி எண்பது பேரும் மண்ணைப் பாத்துக்கிட்டு இருக்கான். ஒரு வயசானவரு மட்டும் மெல்ல ஆரம்பிச்சாரு. சாமி காரியத்துல நடந்தது, நாட்டாரு ஒரு வருஷம் கோயிலுக்கு ஒதுங்கி இருந்தா போதும்னு நெனைக்கிறேன்னாரு. அவரு என்னா எனக்குச் சலுகை குடுக்குறது? நான் எழுந்தேன். தோள்ல கிடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டினேன். அதுவரைக்கும் எம் முன்னால மத்தவன்தான் அப்படி நின்னிருக்கான்.

"ரத்தம் சிந்துனவனுக்கு ஆறு வருஷம். நாட்டாரா இருந்தாலும் ஆறு வருஷம். நான் போறேன்"னு சொன்னேன்.

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. ஒரு மனுஷன் அப்படி நின்னு சொன்னா என்னா நடக்கணும்? நாலு பேரு எழுந்திருக்கணுமா இல்லையா? நாட்டாரே, நீங்க போனா ஊரு என்னா ஆவுறதுன்னு கையைப் புடிக்கணும். நான் மாட்டேன்னு சொல்லணும். அவங்க விடக் கூடாது. ரெண்டு மணி நேரம் பேசிப் பேசி, கடைசியில ஒரு வருஷம்னு முடியணும். நான் அதுக்கும் மேல ஒரு ஆறு மாசம் நானா சேத்துக்கிட்டிருப்பேன். இது சொல்லிக் குடுத்தா வரும்?

ஒருத்தன் எழுந்திருக்கல. ஒரு இருமல் சத்தம். கலியபெருமாளைப் பாத்தேன். அவன் தூணைப் பாத்துக்கிட்டு இருந்தான். சரி, மகன் போனவன், அவன் பேச மாட்டான். மத்தவன்? பதினோரு வருஷம் நான் காப்பாத்துன ஊரு. பின்னாலேருந்து எவனோ "சரிங்க"ன்னான்.

சரிங்க. அந்த ஒரு வார்த்தைதான். சொன்னவன் யாருன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக் கடல்ல வலை இழுக்கையில ஒவ்வொருத்தன் மூஞ்சியா நெனைச்சுப் பாத்திருக்கேன்.

வீட்டுக்கு வந்து தவமணிகிட்ட, என் சம்சாரம், அவகிட்டச் சொன்னேன். ஏன் எதுக்குன்னு கேக்கல. பாத்திரத்தை எல்லாம் மூட்டை கட்டுனா. புள்ளைங்க கிடையாது எங்களுக்கு, அதனால மூட்டை சின்னதுதான்.

எங்க போறது? எங்க அம்மா பொறந்த ஊரு ஆலமுனை. இப்ப இந்த பஸ் அங்கதான் போகுது. அங்க என் மாமா மகன் பக்கிரிசாமி இருக்கான். அத்தான் வாங்கன்னு கூப்புட்டுக்கிட்டான். அவன் வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஓட்டு வீட்டை ஒழிச்சுக் குடுத்தான், அவன் போட்டுல ஒரு ஆளாச் சேத்துக்கிட்டான். நல்லவன்தான். ஆனா நல்லவங்ககிட்ட கை ஏந்துறது இருக்கே, அதைவிடக் கெட்டவன்கிட்ட அடி வாங்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை வந்து, ஏதாவது வேணுமா அத்தான்னு கேப்பான். என்னா வேணும்னு நான் சொல்றது? என் சாவடியைத் தூக்கிட்டு வந்து குடுப்பானா?

அவன் போட்டுல நான் நடு ஆளு. வலை இழுக்கணும், மீனைக் கழிக்கணும், தண்ணி இறைக்கணும். எஞ்சினைத் தொட விடலைன்னு நெனைக்காதீங்க. ஒரு நாள் பக்கிரிசாமியே, நீங்க ஓட்டுங்க அத்தான்னு கைப்பிடியை எங்கிட்ட நீட்டினான். நான்தான் வேணாம்னுட்டேன். ஏன்னு கேக்காதீங்க. கை வலி.

அந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனேன் ஒரு தடவை. சின்ன மடி வலைக்காரனுக்கும் பெரிய வலைக்காரனுக்கும் தகராறு, தப்புத் தப்பாத் தீர்ப்பு சொல்லிக்கிட்டு இருக்கானுவ. எனக்கு நெஞ்சு பொறுக்கல. எழுந்து, இதை எப்படித் தீக்கணும்னா, அப்படின்னு ஆரம்பிச்சேன். அந்த ஊரு நாட்டாரு, என்னைவிட பத்து வயசு சின்னவன், எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றான்: "மாப்ளே, நீங்க எங்க ஊருப் பொண்ணு பெத்த புள்ளை, விருந்தாளி. உக்காந்து டீ குடிங்க." எல்லாரும் சிரிச்சானுவ. கேலியாச் சிரிக்கலைன்னு பக்கிரிசாமி சொல்றான். சிரிப்புல என்னா ரகம்? டீயும் வந்துச்சு. குடிச்சேன். அதுலேருந்து கூட்டத்துக்குப் போறது இல்ல.

இவ இருக்காளே, தவமணி, அவ எப்படி இருந்தாங்கிறீங்க? தாழந்துறையில இருந்தவரைக்கும் நாட்டார் வீட்டம்மா, மீன் கூடையைத் தொட்டது கிடையாது, ஆள் வச்சு அனுப்புவோம். ஆலமுனைக்கு வந்த பத்தாம் நாளு அன்னக்கூடையை எடுத்துக்கிட்டு ஏலத்துக்குப் போயிட்டா. எனக்கு மானமே போச்சு. இப்ப நாப்பது பொம்பளைங்க சேந்து ஒரு வண்டி வச்சு டவுனுக்கு மீன் கொண்டுபோறாங்க, அதுக்கு இவதான் தலைவி. விடியக்காலம் போனா மதியம் தாண்டித்தான் வருவா. ஆலமுனையில என் பேரு என்னா தெரியுமா? தவமணி வீட்டுக்காரர். அஞ்சப்பன்னு ஒருத்தன் இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது.

ரெண்டு வருஷம் முடிஞ்ச கையோட ஒரு நாள் கலியபெருமாள் வந்தான். கூட ஒரே ஒரு ஆளு, முன்னாடி ஒரு வருஷம்னு பேசுனாருன்னு சொன்னேனே, அந்தப் பெரியவரு. வந்து உக்காந்தான், ரொம்ப இளைச்சிருந்தான். ஊர் கூடிப் பேசிட்டோம், இனிமே தாழந்துறையில யாரையும் ஊரை விட்டுத் தள்ளுறது கிடையாது, அந்தக் கட்டையே எடுத்தாச்சு, கிளம்பு மச்சான் போகலாம்னான்.

எனக்கு எப்படி இருக்கும்? கட்டை எடுத்துட்டானுவளாம். எவனைக் கேட்டு எடுத்தானுவ? அப்ப ரெண்டு வருஷம் நான் இங்க எதுக்குக் கிடந்தேன்? அதோட, கூப்புட வந்தது ரெண்டு பேரு. ஒரு மாலை இல்ல, தட்டு இல்ல, மேளம் வேணாம், ஒரு பத்து தலைக்கட்டாவது வந்திருக்கலாம்ல? நாட்டார் பதவி என்னா ஆச்சுன்னேன். அதுவும் இல்லையாம். ஒம்பது பேரு கமிட்டியாம், அதுல ரெண்டு பொம்பளையாம்.

ஆறுன்னா ஆறுதான், நான் சொன்ன வார்த்தையை நான் மாத்த மாட்டேன்னுட்டேன்.

அப்ப இவ கதவுகிட்ட நின்னவ, "போகலாங்க"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. மச்சான் முன்னால, வெளி ஆளு முன்னால. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நீ போறதுன்னா போ, போனா எனக்குப் பொண்டாட்டி இல்லைன்னேன். உள்ள போயிட்டா. கலியபெருமாள் சொம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு எழுந்து போனான்.

அதுலேருந்து நாலு வருஷம், எங்கிட்ட ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது. சோறு வைப்பா, துணி துவைப்பா, கேட்டதுக்கு ஆங், ஊங்தான். அப்படி ஒரு அடக்கம். நான் பக்கிரிசாமிகிட்டப் பெருமையாச் சொல்லுவேன், அன்னிக்கு ஒரு அதட்டு அதட்டுனேன்யா, பொம்பளை தங்கமா மாறிட்டான்னு. அவன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டான்.

சரி. இன்னிக்கு மாசி மகம். ரத்தம் சிந்துன நாள்லேருந்துதான் கணக்கு, ஆறு வருஷம் முடியுது. ஒரு நாள் கூடக் குறைக்கல தம்பி, ஒரு நாள்! எல்லையை ஒரு தடவை தாண்டுனது கிடையாது. நேத்து இவகிட்டச் சொன்னேன், நான் முதல்ல போறேன், ஊரு என்னை முறையா ஏத்துக்கட்டும், அப்புறம் சொல்லி அனுப்புறேன், நீ வான்னேன். சரின்னா. காலையில நான் எழுந்திருக்கும்போதே அவ வழக்கம்போலக் கிளம்பிப் போயிருந்தா.

முதல் பஸ்ல வந்து இறங்கினேன். ரோட்டுலேருந்து ஊருக்குத் திரும்புற இடத்துல எல்லைக்கல் இருக்கு. தண்டனை முடிஞ்சவன் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நிக்கணும். ஊரு வந்து கூப்புட்டுத் தலையில தண்ணி தெளிச்சு உள்ள அழைச்சுக்கிட்டுப் போகணும். நின்னேன். கலியபெருமாளுக்கு ஒரு வாரம் முந்தியே ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன், இன்ன தேதிக்கு வர்றேன்னு.

கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. புதுசு. யாரு வச்சிருக்காங்கிறீங்க? நாகூரான். ஊர் கட்டை எடுத்ததும் ஆள் அனுப்பி அவனைத் தேடிக் கூட்டியாந்துட்டானுவளாம். கணக்குப்படி அவனுக்கு அப்ப இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவன் முழுசா முடிக்கல, உள்ள இருக்கான். நான் முழுசா முடிச்சுட்டு வெளியில நிக்கிறேன். அவன் என்னைப் பாத்துட்டான். கல்லாவை விட்டு எழுந்து வந்து, வாங்க நாட்டாரேன்னான். இந்த ஆறு வருஷத்துல என்னை அப்படிக் கூப்புட்டவன் அவன் ஒருத்தன்தான், அதைச் சொல்லணும். வெயிலா இருக்கு, உள்ள வந்து பெஞ்சில உக்காருங்கன்னான். நான் மாட்டேன்னேன். பெஞ்சு எல்லைக்குள்ள இருக்கு. சரின்னு ஒரு ஸ்டூலைத் தூக்கியாந்து கல்லுக்கு இந்தப் பக்கம் போட்டான். அவன் போட்ட ஸ்டூல்ல நான் உக்காருவேனா? நின்னேன்.

ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு ஆச்சு. மீன்காரப் பொம்பளை ஒருத்தி ஷேர் ஆட்டோவுல போறவ, என்னா மாமா இங்கேயே நிக்கிறீங்க, உள்ள போங்கன்னுட்டுப் போறா. அப்ப கேக்குது மேளம். கோயில் பக்கமாக் கிளம்பி வருது. பம்பை, தவில், நாயனம். நான் துண்டைச் சரிபண்ணிக்கிட்டேன். சரி, தாமசமானாலும் முறையாத்தான் வர்றானுவன்னு நெனைச்சேன். நாகூரான் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். மேளம் கிட்ட வந்துச்சு. அப்புறம் திரும்பிக் கடல் பக்கம் போயிருச்சு. சாமியைக் குளிப்பாட்டக் கொண்டுபோறாங்களாம். இப்பல்லாம் போட்டுல ஏத்துறது இல்லையாம், கரையிலேயே தீர்த்தம் குடுத்துத் திருப்பிக்குறாங்களாம். அதையும் விட்டுட்டானுவ.

நாகூரான்தான் போன் பண்ணியிருப்பான். கலியபெருமாள் மொபெட்டுல வந்தான். ஏன் மச்சான் இங்க நிக்கிற, ஏறுன்னான். ஊரு எங்கன்னேன். ஊரு கடற்கரையில இருக்கு, நீ வீட்டுக்கு வான்னான். கல்லைத் தாண்டுறப்ப மொபெட்டு நிக்கக்கூட இல்ல. ஆறு வருஷம் தம்பி. ஒரு தூக்கு தூக்கிப் போட்டுச்சு, தாண்டிருச்சு.

அவன் வீட்டுக்குள்ள போனா, சுவத்துல போட்டோ. மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பு எரியுது. கீழ இலை விரிச்சிருக்கு, படையல். நான் அந்தப் பக்கம் திரும்பல. அம்சவல்லி வந்து, வாங்கண்ணேன்னா. தலை பூரா நரைச்சுப்போச்சு, என்னைவிட எட்டு வயசு சின்னவ. நான் கலியபெருமாளைத்தான் கேட்டேன், கூட்டம் எப்ப, என்னை எப்ப முறையா ஏத்துக்கப் போறீங்கன்னு.

"கூட்டம் என்னத்துக்கு? உன்னை நாலு வருஷம் முந்தியே விட்டாச்சு மச்சான்"னான்.

விட்டாச்சுன்னா? மன்னிச்சு விட்டீங்களா, வேணாம்னு விட்டீங்களான்னேன். அவன் மொபெட்டுச் சாவியை ஆணியில மாட்டினான்.

அப்பத்தான் அடுப்படியிலேருந்து கரண்டியும் கையுமா வர்றா ஒருத்தி. பாத்தா தவமணி.

என் பொண்டாட்டி. மீன் வண்டியில எனக்கு முந்தி வந்து, எனக்கு முந்தி உள்ள இருக்கா. நான் அங்க கல்லுகிட்ட வெயில்ல காயுறப்ப இவ இங்க நண்டு வறுத்துக்கிட்டு இருந்திருக்கா. என்னாடி இதுன்னேன். அம்சவல்லிதான் சொல்றா, அண்ணி வருஷா வருஷம் இந்த நாளைக்கு வர்றாங்க அண்ணே, இன்னிக்கு மட்டும் இல்லைன்னு. அதோட விட்டாளா? ரெண்டாம் வருஷம், தண்டனை நடப்புல இருக்கும்போதே, எல்லையைத் தாண்டி வந்து சாவடியில ஏறி நின்னவளே இவதானாம். பொம்பளை, சாவடியில! என் புருசன் சொன்ன தீர்ப்பு அவரோட இருக்கட்டும், நான் தூக்கி வளர்த்த புள்ளைக்கு நான் வந்து அழுவ எவன்கிட்டக் கேக்கணும்னு கேட்டாளாம். அதுக்கப்புறம்தான் கட்டை எடுத்தானுவளாம். எனக்காக மன்னிப்பும் கேட்டாளாம், அம்சவல்லி கால்ல விழுந்து. நான் கேட்டேனா? என் பேரால கால்ல விழ இவ யாரு? நான் என்னா தப்பு செஞ்சேன்?

ஆமா, வளர்த்தா. இல்லைங்கல. ரெண்டு வயசுலேருந்து பாதி நாள் எங்க வீட்டுலதான் கிடப்பான் அவன். சாப்பாடு, தூக்கம் எல்லாம். அத்தை அத்தைன்னு இவ முந்தானையைப் புடிச்சுக்கிட்டுத் திரிவான். அது இருக்கட்டும், இப்ப எதுக்கு அது?

நான் கத்துனேன். என்னா கத்துனேன்னு நெனைவில்ல. அவ நிறுத்தச் சொல்லல, அழவும் இல்ல. நான் முடிச்ச பிறகு நாலு வருஷத்துல முதல் தடவையா என்னை நேராப் பாத்துப் பேசுனா.

"ஆறு வருஷத்துல ஒரு தடவை அவன் பேரை உங்க வாயால சொல்லல. இப்பச் சொல்லிக் கூப்புட்டு, ஒரு புடி சோத்தை இலையில வைங்க. வேற ஒண்ணும் யாரும் கேக்கல."

அம்சவல்லி சோத்துக் குண்டானை எம் பக்கம் நகத்தி வச்சா. கலியபெருமாள் வாசலைப் பாத்துக்கிட்டு நின்னான். மூணு பேரும் காத்துக்கிட்டு இருக்காங்க. முதல்ல ஊரு என்னை முறையாக் கூப்புடட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொன்னேன். நாயமான பேச்சுதான? எனக்குன்னு ஒரு முறை இருக்குல்ல?

கிளம்புடின்னேன். அவ கிளம்பல. எனக்கு முடிஞ்சுபோச்சு, நான் இனிமே இங்கதான், அம்சவல்லிக்குத் துணையா இருக்கப் போறேன்னா. அப்புறம் சொன்னா பாருங்க: "உங்களுக்கு வேணும்னா இன்னும் ஒரு ஆறு வருஷம் இருந்துட்டு வாங்க."

செருப்பைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். ஒருத்தர் கையைப் புடிக்கல. நாகூரான் கடையைத் தாண்டும்போது அவன் ஒரு கிளாஸ் தண்ணி நீட்டினான். அதை வாங்கிக் குடிச்சேன். தாகம் தம்பி, வேற ஒண்ணும் இல்ல.

என்னா? எந்தப் பேரு?

நீங்களுமா. நீங்க யாரு, வழியில ஏறுன ஆளு, ஒங்களுக்கு எதுக்கு அவன் பேரு? பேரு தெரியாமலா நான் சொல்லாம இருக்கேன்? அந்தப் பேரை வச்சதே நான்தாங்க. முப்பதாம் நாளு தொட்டில் போட்டு, தாய்மாமன்தான் வைக்கணும்னு என் மடியில கொண்டாந்து குடுத்தாங்க. இம்புட்டுதான் இருந்தான், ரெண்டு கைக்குள்ள அடங்கிட்டான். காதுகிட்டக் குனிஞ்சு மூணு தடவை சொன்னேன். முதல் தடவை சொன்னப்ப கண்ணைத் திறந்தான். ரெண்டாவது தடவை என் விரலைப் புடிச்சான். மூணாவது...

கண்டக்டர், ஆலமுனை வந்துருச்சு. நிறுத்துப்பா, இங்கதான்.

காலை மடக்குங்க தம்பி, நான் இறங்கணும். வீட்டுச் சாவி வேற அவகிட்ட இருக்கு. இருக்கட்டும். பக்கிரிசாமிகிட்டப் போய் மாத்துச் சாவி கேக்க மாட்டேன். வாசல்லயே நிக்கிறேன்.